மூன்றாவது அடிக்கு முன்னால் ஒரு கிரீச்

ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயர் கத்திரி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது; யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. வேலை அப்படி. காலையில் வந்து ஹெட்போனை மாட்டினால் சாயந்திரம்வரை வெட்டிக்கொண்டே இருப்பாள். துணியை இல்லை, காகிதத்தை இல்லை, சத்தத்தை.

சத்தத்தை எப்படி வெட்டுவது என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. அவள் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர், விவரமான மனிதர்தான், அவருக்கே அது புரிய நாளாயிற்று. ஒருநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் கத்திரி பொறுமை இழந்து ஒரு முழு ரொட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதோ பாருங்க. இது எங்க அண்ணன் வாசிச்ச நாலு அடி. திரும்பத் திரும்ப இதையே சுத்தவிட்டா அதுக்குப் பேரு லூப். சரியா?"

"சரி."

"பாட்டை வேகமாக்கணும்னு மாஸ்டர் சொல்றாரு. முழு ரொட்டியை அமுக்கினா என்ன ஆகும்?"

"நசுங்கிடும்."

"அதான். சத்தமும் நசுங்கிடும், எலி கத்துற மாதிரி ஆயிடும். அதனால எங்கெல்லாம் ஒரு அடி விழுதோ, அங்கெல்லாம் துண்டு போட்டுடணும். அப்புறம் துண்டையெல்லாம் நெருக்கி வச்சா பாட்டு வேகமாயிடும், ஒரு துண்டும் நசுங்காது. தள்ளி வச்சா மெதுவாயிடும். வேணும்னா ஒரு துண்டை எடுத்து இன்னொரு இடத்துல வைக்கலாம், ஒண்ணைத் தூக்கியும் போட்டுடலாம்."

சொல்லிக்கொண்டே ரொட்டியைத் துண்டு போட்டவள், ஒரு துண்டைத் தூக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு, மிச்ச ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

இந்த வேலைக்கு அவள் படித்துவிட்டு வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு டெலிபோன் கம்பெனியில் காதை வாடகைக்கு விட்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டுத் திட்டுவதெல்லாம் பதிவாகும். அதைக் கேட்டு, வெற்று இடங்களை வெட்டி எறிந்து, திட்டை மட்டும் சுருக்கமாக மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். நாள் முழுக்க யார் யாரோ வாங்கின திட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அவளுக்கே யாரையாவது திட்ட வேண்டும்போல இருக்கும். வாய் கொஞ்சம் நீளமானது அங்கேதான் என்று அண்ணி சொல்லுவாள். பிறக்கும்போதே அப்படித்தான் என்று அண்ணன் சொல்லுவான்.

அந்த அண்ணன்தான் அவளை அங்கிருந்து மீட்டு வந்தான். அவன் டிரம்ஸ் வாசிப்பவன். மேடைக் கச்சேரி, ஹோட்டல் விருந்து, விளம்பரப் பாட்டு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவான். ஒருநாள் மாஸ்டர், அதாவது அந்த ஸ்டுடியோவின் இசையமைப்பாளர், "பொறுமையா உட்கார்ந்து வெட்ட ஒரு ஆள் வேணும்பா, வர்ற பசங்க எல்லாம் ரெண்டே நாள்ல ஓடிடறாங்க" என்று புலம்ப, "எங்க வீட்ல ஒருத்தி இருக்கா, பொறுமை கிடையாது, ஆனா காது இருக்கு" என்று சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ஸ்டுடியோ ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இருந்தது. கீழே பல்லை ராவ ஆரம்பித்தால் மேலே பாட்டு நிற்கும். மேலே டிரம்ஸ் அதிர்ந்தால் கீழே ஊசி நிற்கும். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டு, ஆனால் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு, நல்ல அயலாராகத்தான் இருந்தார்கள். மாஸ்டருக்கு ஒரு பழக்கம். ஒரு மெட்டு பிடித்துவிட்டால் அவர் கால் தானாக ஆட ஆரம்பித்து, செருப்பு கழன்று தரையில் விழும். பிடிக்காவிட்டால் வாயைத் திறக்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அங்கே எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள்.

கத்திரி கெட்டிக்காரி, அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. எங்கே சத்தம் சட்டென்று எழும்புகிறதோ அங்கே மென்பொருள் தானாக ஒரு கோட்டைப் போடும். அதை நம்பிவிடக்கூடாது என்பது அவள் முதல் பாடம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் தட்டிக் கேட்பாள். "நீ யாரு? சரி, போ. நீ யாரு? நீ இருமலு, வெளியே போ" என்று வாய்விட்டுப் பேசிக்கொண்டே கேட்பாள். எல்லாத் துண்டும் யார் யாரென்று தெரிந்த பிறகுதான் வரிசைப்படுத்தும் பொத்தானைத் தொடுவாள். அதை அழுத்தினால் துண்டுகள் எல்லாம் திரையில் இருக்கும் கட்டங்களின் மேல் டக்டக்கென்று போய் நேராக உட்கார்ந்துவிடும். அந்தக் காட்சி அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். வீட்டில் யாரும் அப்படிச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லையே.

வீடு இரண்டு மாடி. கீழே கத்திரியும் வீட்டுக்காரரும், மேலே அண்ணனும் அண்ணியும். அண்ணன் வீட்டில் ஒரு பழைய சாப்பாட்டு மேசை நாற்காலி இருந்தது. ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் வைத்திருப்பான். டிரம்ஸ் வாசிப்பவர்கள் உட்காருவதற்கென்று உருண்டை ஸ்டூல் கடையில் விற்கிறது, அதெல்லாம் அவனுக்கு ஆகாது. அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுதான் ஸ்டுடியோவுக்கே போவான். சாயந்திரம் காபி வேண்டுமென்றால் அதில் உட்கார்ந்தபடியே குதிகாலால் தரையில் நாலு தட்டு தட்டுவான். கீழே அது கூரையில் கேட்கும். இரண்டு தட்டு முடிந்ததும் வலது பக்கம் சாய்வான். நாற்காலி கிரீச் என்று முனகும். அதற்கப்புறம்தான் மூன்றாவது தட்டு, கொஞ்சம் தாமதமாக, ஆடி அசைந்து வரும். டிரம்ஸிலும் அவன் வாசிப்பு அப்படியேதான். கத்திரி கரண்டியால் ஜன்னல் கம்பியில் பதில் தட்டுவாள். அண்ணன் இறங்கி வருவான். இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டு ஊரையே வம்புக்கு இழுப்பார்கள். வருஷக்கணக்காக நடந்த பழக்கம் இது.

அப்புறம் அந்த பிஸ்கட் விளம்பரம் வந்தது.

அன்றைக்கு ஸ்டுடியோவில் ஒரே களேபரம். பிஸ்கட் கம்பெனி ஆள் சோபாவில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே யாருக்கோ கடைவாய்ப் பல், ராவல் ஓயவே மாட்டேன் என்கிறது. மாஸ்டர் ஒரு பக்கம் "ஆச்சாம்மா? ஆச்சாம்மா?" என்று நச்சரிக்கிறார். அண்ணன் காலையில் வாசித்துவிட்டுப் போன லூப்பைக் கத்திரி திறந்தாள். மென்பொருள் கோடுகளைப் போட்டது. எப்போதும்போலத் தட்டிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நம்ம அண்ணன் வாசித்ததுதானே, இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாள். பொத்தானை அழுத்தினாள்.

நடந்தது இதுதான். மூன்றாவது அடிக்கு முன்னால் நாற்காலி கிரீச்சென்றது அல்லவா, மென்பொருள் அதையும் ஓர் அடி என்று நினைத்து அதன் தலையில் ஒரு கோடு போட்டிருந்தது. பின்னாலேயே வந்த நிஜமான அடிக்குத் தனிக் கோடு விழவில்லை, நாற்காலியின் துண்டுக்குள்ளேயே அது மாட்டிக்கொண்டது. எல்லாம் கட்டத்தில் போய் உட்கார்ந்தபோது, மூன்றாவது கட்டத்தில் ஜம்மென்று நாற்காலி உட்கார்ந்துகொண்டது. அண்ணனின் அடி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தடுமாறி வந்தது.

கத்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருத்தலாம் என்று கை மவுஸை நோக்கிப் போவதற்குள் பிஸ்கட் ஆள் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார்.

"இதுதான்! இதேதான்! பிஸ்கட்டைக் கடிக்கிற மாதிரியே இருக்கு சார்! எப்படி சார் பிடிச்சீங்க?"

மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாராட்டை வேண்டாம் என்று சொல்லும் வம்சத்தில் அவர் பிறக்கவில்லை. "ரொம்ப நாளா மனசுல இருந்த ஐடியா" என்றார். விளம்பரம் அப்படியே போய்விட்டது.

போனது சும்மா போகவில்லை, பிய்த்துக்கொண்டு போனது. தெருவில் குழந்தைகள் அந்தக் கிரீச்சை வாயால் செய்தன. பஸ்ஸில் செல்போன்கள் கிரீச்சென்றன. அண்ணனின் கூட்டாளிகளுக்கு அந்த நாற்காலியின் குரல் நன்றாகத் தெரியும், அவர்கள் விடுவார்களா? அடுத்த கச்சேரியில் அவன் மேடை ஏறியதும் கீபோர்டுக்காரர் மைக்கைப் பிடித்தார்.

"இன்னைக்கு மெயின் நாற்காலி. பக்கவாத்தியம், நம்ம அண்ணன்!"

மேடையே சிரித்தது. அண்ணனும் சிரித்து வைத்தான். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவன், நேராகத் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என் கையை எடுத்துட்டு நாற்காலியை வச்சிருக்கே. ஊரே சிரிக்குது. ஏன்டி, ஒரு தடவை கேட்டுப் பார்க்க மாட்டியா? வேற யார் வாசிச்சதா இருந்தாலும் கேட்டிருப்பே இல்ல?"

அவன் சொன்னது உண்மை. அது கத்திரிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் சுருக்கென்று தைத்தது. தப்புப் பண்ணிட்டேன் அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் காபியோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் மூக்கின் மேல் இருந்த கோபம் நாக்குக்கு இறங்கிவிட்டது.

"நீ லேட்டா அடிச்சா மெஷின் என்ன பண்ணும்? நாற்காலியாவது நேரத்துக்கு வந்துச்சே!"

சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். படியேறிப் போய்விட்டான்.

அதோடு சரி. மேலேயிருந்து தட்டல் நின்றது. நாற்காலியை அவன் மொட்டை மாடியில் தூக்கிப் போட்டுவிட்டான். அண்ணி சும்மா இருக்காமல் அதன் மேல் ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டாள். அவனுக்கென்று சுழல் நாற்காலி ஒன்று வாங்கி வந்தார்கள். அதில் சாய்ந்தால் அது சத்தமே போடாமல் ஆளைச் சுவர் பக்கம் திருப்பிவிடும்.

படியில் எதிர்ப்பட்டால் அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு போவான். பேச வேண்டியது இருந்தால் அண்ணி தூது வருவாள்.

"உங்க அண்ணன் தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொன்னாரு."

"நிறுத்தியாச்சுன்னு சொல்லுங்க அண்ணி."

"உன் வாயாலயே சொல்லேன். காது கேட்காதவர் இல்லையே, மேலே நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

"என் வாய் நேரத்துக்கு வராது அண்ணி. வேண்டாத நேரத்துல மட்டும் முன்னாடி வந்து நிக்கும்."

வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்டால் அவர் கை இரண்டையும் தூக்கிவிடுவார். "நான் மாப்பிள்ளை. ரெண்டு பக்கமும் சாப்பிடணும். என்னை விட்டுடு." நியாயமான பேச்சுதான். ஆனால் சாயந்திரமானால் கத்திரிக்கு வீடு பிடிக்காமல் போகும். காபி போடுவாள், கூரையைப் பார்ப்பாள், ஆறிப்போன காபியைக் கொட்டுவாள். அண்ணன் பேசாதது அவளுக்குப் பெரிய வலியாக இருந்தது; அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தெரியாமல் இன்னும் அதிகமாக எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். ஸ்டுடியோவுக்குக் கீழே பல் டாக்டரின் நர்ஸிடம்கூட ஒரு சண்டை.

இப்படி இருக்கையில் பிஸ்கட் கம்பெனி மறுபடி வந்தது. புது விளம்பரம், அதே கடி வேண்டும்.

மாஸ்டர் குஷியாகக் கைகளைத் தேய்த்தார். "பழைய லூப்பை எடு. நாற்காலியைத் தனியா வெட்டு. இந்தத் தடவை நாலு அடியிலயும் கடி வை. நாளைக்கு மதியம் குடுத்தாகணும்."

கத்திரி அண்ணனின் பழைய பதிவைத் திறந்தாள். நாற்காலித் துண்டை வெட்டினாள். முதல் கட்டத்தில் வைத்தாள், இரண்டாவதில் வைத்தாள், மூன்று, நாலு. ஓடவிட்டாள். கிரீச் கிரீச் கிரீச் கிரீச். அண்ணன் எங்கேயும் இல்லை. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. சட்டென்று எல்லாவற்றையும் அழித்தாள். வெட்டாத பதிவை, கோடு போடாமல், கட்டம் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு முதல் தடவையாக முழுசாகக் கேட்டாள்.

டும், டக். அவன் சாய்கிறான். கிரீச். அப்புறம் டும். அவசரமே இல்லாத டும். வேலைக்குப் போனவர் வீடு திரும்பும்போது முதலில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும், அப்புறம்தானே குரல் கேட்கும், அந்த மாதிரி. அந்தத் தாமதம் தாமதமே இல்லை. அந்த இடத்தில்தான் அடி இருக்க வேண்டும். நேரத்துக்கு வராதது அண்ணன் இல்லை, கட்டம்தான் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அட, இத்தனை வருஷம் கூரையில் கேட்டும் எனக்கு உறைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு காரியம் செய்தாள். நாற்காலி மேல் இருந்த கோட்டைப் பிடுங்கி எறிந்தாள். நிஜ அடியின் மேல் புதுக் கோடு போட்டாள். அந்த மென்பொருளுக்கு இன்னொரு வித்தையும் தெரியும்: ஒரு லூப்பின் துண்டுகள் எங்கெங்கே விழுகின்றன என்பதை அச்சு எடுத்து, மற்ற வாத்தியங்களையும் அதே அச்சில் உட்கார வைக்கலாம். யாரும் அதிகம் தொடாத வித்தை. அண்ணனின் நாலு அடியை அச்சு எடுத்தாள். கணினியே வாசித்த பேஸ் கிதாரை அதில் உட்கார வைத்தாள். பியானோவை உட்கார வைத்தாள். கைத்தட்டல், சலங்கை, எல்லோரையும் இழுத்து வந்து உட்கார வைத்தாள். மூன்றாவது அடியில் கட்டம் காலியாக நின்றது. கொஞ்சம் தள்ளி, அண்ணன் இருக்கும் இடத்தில், எல்லோரும் ஒன்றாக விழுந்தார்கள்.

மாஸ்டர் பின்னால் வந்து நின்றதே அவளுக்குத் தெரியாது. தொப்பென்று ஏதோ விழுந்தது. அவர் செருப்பு.

"என்னம்மா பண்ணினே? பாட்டு நடக்குதே!"

"எல்லாரையும் எங்க அண்ணன் கூட நடக்கச் சொன்னேன்."

"அதெல்லாம் சரி, கடி முன்னாடி வந்துடுதே? கம்பெனிக்காரர் அடியில கடி கேட்டாரு."

"மாஸ்டர், பிஸ்கட்டை முதல்ல கடிப்பீங்களா, முதல்ல ருசி தெரியுமா?"

மாஸ்டர் யோசித்தார். மூக்குக் கண்ணாடிப் பக்கம் கை போனது. நல்லவேளை, மூக்கைச் சொறிந்துகொள்ளத்தான் போயிருக்கிறது.

"கடி முன்னாடி, ருசி பின்னாடி. இதையே அவர்கிட்ட சொல்லிடலாம். அனுப்பிடு."

"அனுப்ப மாட்டேன்."

"என்னது?"

"அண்ணன் கேட்கணும். அவர் சரின்னு சொன்னாத்தான் இது வெளியே போகும். போன தடவை கேட்காம அனுப்பினதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்."

"அவர்தான் உன்கூடப் பேசுறதே இல்லையே!"

"பேச வேண்டாம். கேட்டாப் போதும்."

சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது ஸ்டுடியோ ஸ்பீக்கர் ஒன்றை இடுப்பில் குழந்தைபோல இடுக்கிக்கொண்டு வந்தாள். படிக்கட்டின் திருப்பத்தில் அதை வைத்து, முகத்தை மேல் பக்கம் திருப்பினாள். வீட்டுக்காரர் மின்சார வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாப்பிள்ளை வயர் பிடிக்கலாம், தப்பில்லை" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மேலே அண்ணி ஒன்றும் தெரியாதவள்போலக் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

கத்திரி மடிக்கணினியில் பாட்டை ஓடவிட்டாள்.

படிக்கட்டுச் சுவர் முழுக்க அண்ணன் வாசித்தான். ஒரு சுற்று முடிந்தது. மேலே அசைவில்லை. இரண்டாவது சுற்றில் சுழல் நாற்காலியின் சக்கரம் உருண்டது. மூன்றாவதில் அண்ணன் வாசலுக்கு வந்து நின்றான். முகத்தை உர்ரென்றுதான் வைத்திருந்தான். ஆனால் கட்டைவிரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை.

"யாரு அது பேஸ்?" என்றான், அண்ணியைப் பார்த்து.

"எனக்கென்ன தெரியும்? கீழே நிக்கிறாளே, அவளைக் கேளுங்க."

அண்ணன் தொண்டையைச் செருமினான். கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி, "யார் வாசிக்கிறது? நல்லா வாசிக்கிறானே. என்கூட ரொம்ப நாள் வாசிச்ச ஆள் மாதிரி இருக்கு" என்றான்.

"ஆள் இல்ல அண்ணா. மெஷின்."

"மெஷினா? மெஷின் எப்படி லேட்டா வரும்?"

"அது லேட் இல்ல." கத்திரி ஒரு படி மேலே ஏறி நின்றாள். "அங்கதான் வரணும். நான் சரியா கேட்கலை. அன்னைக்கு உன்னைக் கட்டத்துக்குள்ள தள்ளினேன். இன்னைக்கு எல்லாரையும் உன் பக்கத்துல கொண்டு வந்து உட்கார வச்சிருக்கேன். நான் பேசினது தப்பு அண்ணா. ரொம்பத் தப்பு."

பாட்டு தன்பாட்டுக்குச் சுற்றியது. அண்ணியின் துடைப்பம் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் வயரை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் இன்னொரு சுற்று முழுசாகக் கேட்டான்.

"நாலாவதுல கைத்தட்டல் முந்துது" என்றான்.

கத்திரி மடிக்கணினி முன்னால் குனிந்தாள். தனித்தனியாகத் தட்டிக் கேட்டாள். முந்தத்தான் செய்தது. ஒரு கைத்தட்டல் துண்டு, மயிரிழை முன்னால். பின்னால் தள்ளினாள். மறுபடி ஓடவிட்டாள்.

"ம்" என்றான் அண்ணன். "அனுப்பு."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டான். போகும்போது கதவையும் சாத்தினான்.

கத்திரி ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அந்தச் சம்மதம் பாட்டுக்கு மட்டும்தானா, தனக்கும் சேர்த்தா என்று தெரியாமல் சமையலறையில் நின்றாள். "சரின்னு சொல்லிட்டாரே, அப்புறம் என்ன?" என்று வீட்டுக்காரர் தேற்றப் பார்த்தார். "பாட்டைத்தானே சரின்னாரு" என்றாள். பழக்க தோஷம், அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். அண்ணனுக்கும் சேர்த்து வைத்தாள். வராவிட்டால் கொட்டிவிடலாம்.

மேலே மொட்டை மாடிக் கதவு திறந்தது. அண்ணியின் குரல் கூரையைத் தாண்டி வந்தது.

"ஐயையோ, தொட்டியைப் பார்த்து! பூ உதிருது பாருங்க! இப்போ இந்தத் தொட்டியை நான் எங்க வைக்கிறது?"

"அந்தச் சுழல் நாற்காலி மேல வை."

எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம். கூரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வந்து, கத்திரியின் தலைக்கு நேர் மேலே நின்றது. குட்டைக் காலுக்கு அட்டையைச் செருகுகிறான் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கத்திரி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

டக். டக்.

கிரீச்.

அவள் காத்திருந்தாள். இந்தத் தடவை அவளுக்கு அவசரமே இல்லை.

டக். டக்.

கத்திரி ஜன்னல் கம்பியில் நாலு தட்டு தட்டினாள். மூன்றாவதைக் கொஞ்சம் தாமதமாகத் தட்டினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் படியிறங்கி வருவதற்குள் சர்க்கரை டப்பாவைத் தேட ஆரம்பித்தாள்.